முனிராஜு குரூப்பில் இல்லை

திங்கட்கிழமை காலை, கம்பெனி பஸ் ஓசூர் மேம்பாலத்தில் ஏறிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தெரியாத எண். எடுத்தால் ரத்னம்மா, முனிராஜு அண்ணனின் மனைவி. அவர்கள் வீட்டுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன், அவர் கையால் களி சாப்பிட்டிருக்கிறேன். போனில் பேசியது அதுதான் முதல் முறை.

"மேடம், இவரு நேத்து காலைல குதிரைப்பாறைக்குப் போனவரு, இன்னும் வரலைங்க. போன் ஸ்விட்ச் ஆஃப்னு வருது. ராயக்கோட்டைல அவங்க அக்கா ஊட்டுக்குப் போயிருப்பாருன்னு இருந்துட்டேன். இப்ப கேட்டா அங்கயும் வரலைன்றாங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே தொடர்ந்தார். "சாயங்காலம் ஆறு மணிக்கு உங்க குரூப்லேர்ந்து யாரும் கூப்பிடல. அதனால இறங்கிட்டாருன்னு தைரியமா இருந்தேன். 'கீழே'ன்னு போட்டிருக்காருங்களா, கொஞ்சம் பாருங்க மேடம்."

"பார்த்துச் சொல்லுதேன் மதினி" என்றேன்.

பார்க்க ஒன்றுமில்லை. முனிராஜு அண்ணன் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் இல்லை. இரண்டரை வாரத்துக்கு முன்பு, ஒரு வியாழக்கிழமை, அவரை நீக்கியிருந்தோம். "நீக்கியிருந்தோம்" என்று எழுதுவதே ஒரு தப்பித்தல். அட்மின் நான். அழுத்தியது என் விரல்.

நண்பர்களே, உங்களில் பாதிப் பேருக்கு இந்த ஆரம்பம் பிடிக்காது. நாளை மறுநாள் அண்ணனுக்குக் காரியம். பாறை ஏறுகிறவர்கள் சார்பில் ஒரு நினைவஞ்சலி வாசிக்க வேண்டும், கோமதி மேடம் நன்றாக எழுதுவார் என்று என் தலையில் கட்டினீர்கள். குறிப்புகளும் அனுப்பியிருக்கிறீர்கள்: சிரித்த முகம், உதவும் மனம், பாறைக் காதலர், கடைசிவரை நம்மில் ஒருவர். அடியில் ஒரு வரி, பழைய பிரச்சினை எதுவும் வேண்டாம் என்று. இந்தக் குறிப்புகளை வைத்து எழுத முயன்றேன். இரண்டு நாள் முயன்றேன். முடியவில்லை.

முதலில் அந்தச் சிரித்த முகம். ஐந்து வருடப் படங்களைத் தேடிப் பார்த்தேன். ஒன்றில்கூட மனிதருக்குப் பல் தெரியவில்லை. கேமராவைப் பார்த்தால், வழக்கு போட வந்தவரைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். இறந்துவிட்டார் என்பதற்காக அவரை இனிமையானவர் ஆக்க எனக்கு மனமில்லை. அவர் இனிமையானவர் இல்லை. காலையில் முடிந்துபோன சண்டைக்கு மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஏழு நிமிடக் குரல் பதிவு அனுப்புவார். தோற்கிறார் என்று தெரிந்தால் பேச்சை சிமெண்ட் விலைக்குக் கொண்டுபோவார். யாராவது "விடுங்கண்ணா" என்றால், "எத விடறது, பாயிண்ட்டையா, உங்களையா?" என்று கேட்பார்.

வெளியாட்களும் காரியத்துக்கு வருவார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். ஓசூரிலும் சுற்றியும் பாறை ஏறுகிற அறுபது எழுபது பேர் சேர்ந்த குரூப் இது. பாதிப் பேர் பெங்களூருக்குப் போய்வருகிற மென்பொருள்காரர்கள், மீதிப் பேர் என்னைப்போல இங்குள்ள பாக்டரிகளில் வேலை செய்கிறவர்கள். நான் வண்டி உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில் உற்பத்தித் திட்டம் போடுகிறவள். வாரம் ஆறு நாள் ஷிப்டில் தேய்ந்தவள் ஏழாவது நாள் எதற்கு மொட்டைப் பாறையில் தொங்குகிறாய் என்று சங்கரன்கோவிலிலிருந்து அம்மா ஒவ்வொரு போனிலும் கேட்பாள். ஏறுவது ஞாயிறு அரை நாள். மீதி ஆறரை நாளும் குரூப்பில் சண்டை. டாலர், ஜிஎஸ்டி, சீனச் சரக்கு, கூட்டணி, இலவசம், அத்திப்பள்ளி எல்லையில் எந்த மொழியில் போர்டு வைப்பது, எதுவும் பாக்கி கிடையாது.

முனிராஜு அண்ணனுக்கு பர்கூர் பக்கம் ஒரு கிரானைட் பாலிஷ் யூனிட்டில் கல் பார்க்கிற வேலை. வந்து இறங்கும் பாளத்தைத் தட்டிப் பார்த்து, எங்கே அறுக்கலாம், எங்கே அறுத்தால் உடையும் என்று சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவார். அதற்கு முன்னால் குவாரியில் கயிற்றில் இறங்கிக் கோடு போட்டவர். நாமெல்லாம் வீடியோ பார்த்துக் கயிறு கட்டக் கற்றவர்கள். அவர் கூலிக்குக் கற்றவர். வீட்டில் தெலுங்கு, யூனிட்டில் கன்னடமும் இந்தியும், சண்டைக்குத் தமிழ். என்னை குரூப்பில் "மேடம்" என்பார், நேரில் "ஏம்மா" என்பார். நான் "அண்ணே" என்று இழுத்தால், "இந்த ஊர்ல 'ணா' போதும்மா, 'ணே' எல்லாம் உங்க ஊர் பஸ்ஸோட திருப்பி அனுப்பிடு" என்பார். மதினி என்று நான் கூப்பிட்டால் இந்த மாவட்டத்தில் திரும்பிப் பார்க்கிறவர் ரத்னம்மா ஒருவர்தான்.

மேலே-கீழே பழக்கத்தைத் தொடங்கியது அவர்தான். முதல் வருடம் பெங்களூரிலிருந்து வந்த ஒருவர் தனியாக ஏறி, கணுக்கால் பிசகி, சாயங்காலம்வரை பாறை அடியில் உட்கார்ந்திருந்தார். ஆடு மேய்த்தவர் பார்த்துச் சொல்லித்தான் தெரிந்தது. அன்று அண்ணன் குரல் பதிவு அனுப்பினார். அதிசயமாக, ஒரு நிமிடம்தான். "யார் போனாலும் பாறை பேரப் போட்டு 'மேலே'ன்னு போடு. எறங்கினதும் 'கீழே'ன்னு போடு. ஆறு மணிக்குள்ள 'கீழே' வரலைன்னா மொதல்ல பாக்கறவன் போன் பண்ணு, ஊட்டுக்கும் பண்ணு. எடுக்கலைன்னா ரெண்டு பேர் வண்டி எடு. குரூப்ல என்னா வேணா அடிச்சிக்கலாம். இது மட்டும் தவறக் கூடாது." அன்றிலிருந்து அது தவறியதில்லை. ஒருவரை ஒருவர் விலை போனவன், அடிமை என்று ஏசிக்கொண்டிருக்கும்போது நடுவில் "குதிரைப்பாறை, மேலே" என்று ஒரு வரி வரும். எல்லாரும் ஒரு கட்டைவிரல் போட்டுவிட்டு மறுபடி ஏச ஆரம்பிப்போம்.

அவருக்கு நிரந்தர எதிரி பிரசன்னா. பெங்களூரில் வேலை, ஓசூரில் வீடு. ஒரு ஞாயிறு இருவரும் காலையிலிருந்து டீசல் விலைக்காக அடித்துக்கொண்டார்கள். நடுவில் பிரசன்னா "மேலே" போட்டுவிட்டுப் போனான். ஆறு மணி தாண்டியும் "கீழே" வரவில்லை. போன் எடுக்கவில்லை. நாங்கள் யார் போவது என்று பேசிக்கொண்டிருந்தபோதே அண்ணன் பர்கூரிலிருந்து வண்டியைக் கிளப்பிவிட்டார். சூளகிரி வரும் வழியில் ஹைவே ஓட்டல் வாசலில் பிரசன்னாவின் வண்டி நின்றிருக்கிறது. உள்ளே பிரசன்னா பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான். அண்ணன் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அவன் மேசைமுன் போய் நின்றார்.

"கீழ வந்துட்டியா?"

"வந்துட்டேன்ணா. மறந்துட்டேன்."

"அப்ப போடு."

எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பிரசன்னா போட்டான். அண்ணன் தன் போனில் வந்துவிட்டதா என்று பார்த்தார். பிறகு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, "இப்ப சொல்லு. டீசல் ஏறுனா லாரிக்காரன் அத யார் தலைல வெப்பான்?" என்றார். பில்லை பிரசன்னாவையே கொடுக்க வைத்தார். இதைப் பிரசன்னாவே பலமுறை சொல்லிச் சிரித்திருக்கிறான்.

எனக்கும் அவருக்கும் பாறையில் நடந்தது ஒன்று உண்டு. குதிரைப்பாறையின் இடப்பக்கம், கைக்கு வாட்டமாக ஒரு பட்டை நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து எழப் போனேன். கீழே கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த அண்ணன், "ஏம்மா, கைய எடு. தட்டிப் பாரு" என்று கத்தினார். விரல் முட்டியால் தட்டினேன். கதவைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது. அது பொக்கு. வெளியே பார்க்கக் கெட்டியாக இருக்கும், பின்னால் பாறையோடு ஒட்டு இருக்காது. பிடித்து இழுத்திருந்தால் பட்டையோடு நானும் வந்திருப்பேன். அடுத்த வாரமே போய், அதுபோன்ற பட்டைகளில் எல்லாம் சுண்ணாம்புக் கட்டியால் பெருக்கல் குறி போட்டுவிட்டு வந்தார். மழையில் அழிய அழியப் போய்ப் போடுவார். அதிலிருந்து குரூப்பில் யாராவது பெரிதாக ஏதாவது சொன்னால் அவர் பதில் ஒரே சொல்தான்: "பொக்கு." நான் எழுதியவற்றுக்குத்தான் அது அதிகம் வந்தது.

அமெரிக்காக்காரன் வரியை ஏற்றிய சமயம். நான் பெரிய மேதைபோல, இது குறுகிய காலப் பாதிப்பு, ஏற்றுமதியாளர்கள் வேறு சந்தை தேடிக்கொள்வார்கள் என்று மூன்று பத்தி எழுதினேன். அண்ணன் கேட்டார்: "குறுகிய காலம்னா எத்தினி நாள் மேடம்? எங்க யூனிட்ல பாலிஷ் போடறவனுக்கு ஒரு வாரமே நீட்டம்தான்." அதே வாரம் பிரசன்னா இத்தாலியிலிருந்து வரவழைத்த ஏறும் ஷூவுக்கு சுங்க வரி போட்டார்கள் என்று புலம்பினான். அரசாங்கம் விளையாட்டை அழிக்கிறது, சந்தையைத் திறந்துவிட வேண்டும் என்று ஆரம்பித்தான். "உன் காலுக்குப் போட்டா கொள்ளை. என் கல்லுக்குப் போட்டா குறுகிய காலமா?" என்றார் அண்ணன். ஒரே கல்லில் எங்கள் இரண்டு பேரையும் அடித்தார். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை, இப்போதும் வரவில்லை.

பிறகு எங்கள் கம்பெனியிலும் இரண்டாவது ஷிப்டில் காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்தினார்கள். எந்த லைனில் எத்தனை பேர் வேண்டாம் என்று அட்டவணை போட்டது நான். எப்படியோ விஷயம் தெரிந்து குரூப்பில் எல்லார் முன்னாலும் கேட்டார்: "மேடம் கம்பெனில எத்தினி பேர நிறுத்தனாங்க?" நான் பதில் போடவில்லை. அன்று மாலை போன் செய்தார். "அங்க வெச்சுக் கேட்டது தப்பும்மா. உன் வேலைக்கு ஏதாச்சும் ஆயிடும்னு எனக்குத் தோணல. மன்னிச்சுக்கோ" என்றார். மறுநாள் காலை குரூப்பில் மறுபடி அதே கேள்வியைக் கேட்டார், இந்த முறை கம்பெனி பெயர் இல்லாமல். அவர் அப்படித்தான்.

எந்தக் கட்சி என்று கண்டுபிடிக்க எல்லாரும் முயன்றோம். ஒவ்வொரு கட்சிக்காரரும் அவரை எதிர்க்கட்சி என்று நம்பினார்கள். குவாரி முதலாளியைத் திட்டினால் முதலாளி பக்கம் ஒரு நியாயம் சொல்வார். முதலாளியைப் புகழ்ந்தால் தூசு தின்று நுரையீரல் போன மூன்று பேரின் பெயரைச் சொல்வார். நமக்கு அது பெரிய எரிச்சல். ஆளை ஒரு பக்கத்தில் நிறுத்திவிட்டால்தானே கல்லெறிய வசதி.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருகிறேன்.

குதிரைப்பாறையைக் குவாரிக்குக் குத்தகை விடப்போகிறார்கள் என்று யாரோ ஒரு செய்தியைப் பகிர்ந்தார்கள். அது உண்மையா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. மாவட்ட நிர்வாகத்துக்கு மனு எழுதினோம். "கிரானைட் கொள்ளையர்களிடமிருந்து எங்கள் பாறையைக் காப்பாற்றுங்கள்" என்று தலைப்பு வைத்தோம். அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "கொள்ளையர்னு போட்டா அங்க கூலிக்கு நிக்கறவனும் அதுல வரான். அந்த ஒரு வார்த்தைய எடுங்க. மொத கையெழுத்து என்னுது." நாம் எடுக்கவில்லை. வார்த்தை நன்றாக இருந்தது, காரமாக இருந்தது. இரண்டு நாள் இழுத்தது. இரண்டாவது நாள் சாயங்காலம் ஒருவர் அவரை "கிரானைட் கைக்கூலி" என்று எழுதினார். பெயர் சொல்லவில்லை, எழுதியவருக்குத் தெரியும். அதற்குப் பதினோரு கட்டைவிரல். எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன். அதில் ஒன்று என்னுடையது.

மறுநாள், அந்த வியாழக்கிழமை, அண்ணனிடமிருந்து வரிசையாகப் படங்கள் வந்தன. எல்லாம் நாமே குரூப்பில் எப்போதோ போட்டவை. பிரசன்னா மகளின் பிறந்தநாள் கேக், சமையல் மேடையில். யாரோ புது வீட்டுக்குப் பால் காய்ச்சிய படம். நான் வாங்கிய புதுக் கயிற்றைச் சுருட்டி அடுப்பு மேடையில் வைத்து எடுத்த படம். ஒவ்வொன்றின் கீழும் கல்லின் பெயர். "பிரசன்னா வீடு: ஸ்டீல் கிரே." "கோமதி மேடம் வீடு: பாரடைசோ. பர்கூர் பக்கத்துக் கல். நல்ல கல்லு, விளிம்பு மட்டும் சரியா தேய்க்கல." இப்படி ஒன்பது வீடு. கடைசியில்: "கொள்ளை அடிச்ச பொருள எல்லாரும் நல்லா வெச்சிருக்கீங்க. சந்தோஷம்."

குரூப் கொதித்தது. வீட்டுக்குள் நுழைந்துவிட்டான், குடும்பப் படத்தை எடுத்துப் போடுகிறான், அட்மின் என்ன செய்கிறார் என்று ஆளாளுக்குக் கேட்டீர்கள். குரூப்பின் விதிகளில் மூன்றாவது, "அரசியல் வேண்டாம்." ஒருநாளும் யாரும் மதிக்காத விதி. அதை எடுத்து அவர் முகத்தில் ஒட்டிவிட்டு நீக்கினேன். குரூப்பின் ஒழுங்குக்காக என்று அன்று எழுதினேன். பொய். அந்த மேடை நான் கடன் வாங்கிக் கட்டிய வீட்டில் ஆசை ஆசையாகப் போட்டது. படத்தைப் பார்த்ததும் சமையலறைக்குப் போய் அதன் விளிம்பில் விரலை ஓட்டினேன். சொரசொரவென்று இருந்தது. மூன்று வருடமாக அதில் சமைக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அவருக்குப் படத்தில் தெரிந்திருக்கிறது. அந்த ஆத்திரத்தில் அழுத்தினேன்.

அரசியலை வெளியே தள்ளியபோது மேலே-கீழேயையும் சேர்த்துத் தள்ளிவிட்டோம் என்று யாருக்கும் தோன்றவில்லை. அப்படித்தான் இப்போது நாம் நமக்குள் சொல்லிக்கொள்கிறோம்.

அந்தத் திங்கட்கிழமை கம்பெனி வாசலில் இறங்கி, உள்ளே போகாமல் பிரசன்னாவை வரச் சொன்னேன். அவன் வண்டியில் போனோம். பாறைக்குப் போகும் தடத்தில் அவர் வண்டி நின்றிருந்தது, ஹெல்மெட் கண்ணாடியில் மாட்டியபடி. இடப்பக்கச் சரிவின் அடியில் கிடந்தார். கயிறு இல்லாமல் அவர் நூறு முறை ஏறி இறங்கிய சரிவு. என்ன ஆயிற்று என்று தெரியாது, நான் கதை கட்டப் போவதில்லை. மேலே பட்டைகளில் புதிதாக மூன்று பெருக்கல் குறி இருந்தது. போன் விழுந்த இடத்தில் சிதறிக் கிடந்தது. அவர் கிடந்தது விழுந்த இடத்தில் இல்லை. கோரைப்புல் படுத்திருந்த விதத்தைப் பார்த்தால், வண்டி நின்ற தடத்தை நோக்கிப் பத்துப் பன்னிரண்டு அடி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கேட்டேன். ஞாயிறு சாயங்காலம் ஆறு ஏழு மணிக்கு யாராவது போயிருந்தால் காப்பாற்ற முடிந்திருக்குமா என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சொல்ல முடியாதும்மா" என்றார். முடிந்திருக்கும் என்றும் சொல்லவில்லை, முடிந்திருக்காது என்றும் சொல்லவில்லை. சிலர் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்கிறீர்கள். என்னால் முடியவில்லை.

அடுத்து நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. உடைந்த போனிலிருந்து சிம்மை எடுத்து வீட்டில் கிடந்த பழைய போனில் போட்டார்கள், யூனிட்டிலிருந்தும் சொந்தக்காரர்களிடமிருந்தும் போன் வருமே என்று. அடக்கம் முடிந்த அன்று மாலையே நம் இன்னொரு அட்மின் அந்த எண்ணை மறுபடி குரூப்பில் சேர்த்தார். யாரிடமும் கேட்கவில்லை, யாரும் வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. "மரியாதைக்கு" என்றார். உடனே வரிசையாகக் கைகூப்பு, கண்ணீர், ஆழ்ந்த இரங்கல். "கைக்கூலி" என்று எழுதியவர் எழுதியதுதான் இருப்பதிலேயே நீளம். ரத்னம்மா மதினியின் கையில் அந்தப் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். "பாருங்க மேடம், எத்தினி பேரு. இவ்ளோ பேர் இருந்தாங்களா இவருக்கு" என்று என்னிடம் காட்டினார். பழைய செய்தி எதுவும் அந்தப் போனில் இல்லை. யார் எப்போது நீக்கினார்கள் என்கிற வரியும் இல்லை. நமக்கு எவ்வளவு வசதி பாருங்கள்.

இப்போது குதிரைப்பாறையில் ஏறும் வழி ஒன்றுக்கு அவர் பெயர் வைக்கலாம் என்கிறீர்கள். மனுவின் மேல் அவர் படத்தைப் போடலாம் என்கிறீர்கள், போராளி என்று. அந்த மனுவில் அவர் கையெழுத்துப் போடவில்லை. "கொள்ளையர்" இன்னும் அப்படியே இருக்கிறது. படத்தைப் போட்டால், முதலில் அந்தச் சொல்லை எடுங்கள். அவர் கேட்டது அது ஒன்றுதான்.

மதினி அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "நீங்க மனசு விட்டுடாதீங்க மேடம். ஆறு மணிக்கு நீங்க தேடலைன்னு எனக்குக் கோவமே இல்ல. அவரு போட மறந்துட்டாரு. போட்டிருந்தா நீங்கள்லாம் விட்டிருப்பீங்களா?" நான் தலையை ஆட்டினேன். புருஷனை இழந்தவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார், நான் வாங்கிக்கொள்கிறேன். அந்தத் தலையாட்டலோடு என்னால் இன்னும் ஒரு நாள்கூட இருக்க முடியாது. அதனால்தான் உங்கள் குறிப்புகளை ஒதுக்கிவிட்டு இதை எழுதுகிறேன். காரியத்தன்று எழுந்து நின்று இதைத்தான் வாசிப்பேன். வேண்டாம் என்பவர்கள் அன்று வராமல் இருக்கலாம்.

அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரே ஒரு செய்தி. நீக்கிய மறுநாள், வெள்ளிக்கிழமை மதியம், எனக்குத் தனியாக அனுப்பியது. இதுவரை யாருக்கும் காட்டவில்லை. அழிக்கவும் மாட்டேன். அப்படியே தருகிறேன்.

"மேடம், அரசியலுக்காகத் தள்ளிட்டீங்க, சரி. நான் பேசுனதும் அதிகம்தான். திரும்பச் சேக்க வேணாம். ஆனா மேலே கீழே எங்க போடறது? உங்களுக்கே போடட்டுமா?"

சாப்பாட்டு இடைவேளையில் படித்தேன். சமாதானத்துக்கு வருகிறார், ஒரு வாரம் காயட்டும் என்று விட்டுவிட்டேன். நான் படித்துவிட்டேன் என்பது அவர் போனில் தெரிந்திருக்கும். அவர் இரண்டாவது முறை கேட்கவில்லை.

மதினி, அவர் போட மறக்கவில்லை. எங்கே போடுவது என்று என்னைக் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.